பதினேழாம் எண்

வேலந்தாவளம் சோதனைச் சாவடியில்
பேருந்து நின்றதும் முதலில் இறங்குவது
என் நாற்றம்.
பிறகு நான், பிறகு மீன்பெட்டி.

பெட்டிக்குள் ஐஸ். ஐஸுக்குள் தகர டப்பா.
டப்பாவுக்குள் பஞ்சு சுற்றிய பதினாறு குப்பிகள்,
எண்கள் பதினேழு வரை.
(பதினொன்று, கரண்ட் போன இரவில் தாராகிவிட்டது.)

"எந்தா இது?"
காவலர் ஒன்றை வெயிலுக்கு நேரே தூக்குகிறார்.
அடியில் வெளிர்மஞ்சளாய் ஒரு சிட்டிகைப் பொடி.
"மருந்நாணோ?"
"ஆயிட்டில்ல சாரே."

கொழிஞ்சாம்பாறையில் சித்திரை பிறந்துவிட்டால்
கல்லூரிக் குழாயில் கணவாய்க் காற்றுதான் வரும்.
குளிர்விப்பானுக்கு ஓட வேண்டிய தண்ணீரை
ஒரே வாளிக்குள் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறேன்,
மீன் தொட்டி மோட்டார் வைத்து.
வாளிக்கு ஐஸ், மத்தி விற்கும் சைதாலி தருவது.
"செதில் கெடக்கும், பாத்துக்கோ" என்பார்.
கிடக்கத்தான் செய்யும்.

பினைல் ஹைட்ரசின், ஒரு கீட்டோன், அமிலம்.
நாலு மணி நேரம் கொதித்தபின்
இரண்டு வளையங்கள்,
நடுச்சுவரைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு வீடுகளாய்.
கழன்றுபோன அம்மோனியா
காரம் விட்டுக் கழுவுகையில் திரும்பி வந்து
கண்ணைக் கரிக்கும்.

முதல் குப்பியில் மட்டும் வெறும் இண்டோல், ஒப்பிட்டுப் பார்க்க.
நெருங்கி முகர்ந்தால் கழிவறை.
காற்றில் துளியினும் துளியாய்க் கரைந்தால் மல்லிகையில் ஒரு பங்கு.
என் துப்பட்டாவில் இருப்பது முன்னது.
பக்கத்து இருக்கைக்காரி
மூக்கைப் பொத்தியபடி சன்னலோரம் நகர்கிறாள்,
அதையே இரண்டு முழம் தலையில் வைத்துக்கொண்டு.

கோவையில் பிரிசில்லா.
முப்பத்தேழு டிகிரிப் பெட்டிக்குள் அவள் வளர்க்கும் செல்கள்
எவளோ ஒருத்தியின் மார்பிலிருந்து வந்தவை.
அவள் போய்ச் சேர்ந்தாள்.
இவற்றுக்கு அதை யாரும் சொல்லவில்லை.
"பசிக்குதாடி?" என்று கேட்டுக்கொண்டே
அவற்றுக்கு உணவு மாற்றுவாள்,
அதே கையால் என் குப்பிகளையும் திறப்பாள்.

ஒரு தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
இரண்டு நாள் காத்திருந்து, மஞ்சள் சாயம்.
உயிருள்ளது அதை வாங்கி ஊதாவாக்கும்.
செத்தது, மஞ்சளை மஞ்சளாகவே விட்டுவிடும்.
மங்கலம் என்று கும்பிட்டு வளர்ந்த நிறத்தைச்
சாவின் அடையாளமாய்த் தேடி
தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறேன்.

பதினேழாம் எண், வரிசை முழுக்க மஞ்சள்.

கத்திவிட்டேன்.
பிரிசில்லா கத்தவில்லை.
இரண்டாவது தட்டை நகர்த்தினாள்.
நோயில்லாத செல்கள்.
அங்கேயும் பதினேழு மஞ்சள்.

கொல்லத் தெரிந்திருக்கிறது,
யாரை என்று கேட்கத் தெரியவில்லை.
"பினாயிலும் இதைச் செய்யும்" என்றாள்
கையுறையை உருவிக்கொண்டே.

ஒன்பதாம் எண்ணில் மட்டும்
முதல் தட்டு சற்று வெளிறியிருந்தது,
இரண்டாவது கருத்த ஊதா.
குழிக்குக் குழி சொட்டு பிசகியிருக்கலாம்.
மூன்று முறை வராத எண்
எண்ணே இல்லை.

திரும்பும் பேருந்தில் எதிர் இருக்கையில் ஒருவர்,
மடியில் ஆஸ்பத்திரிப் பெயர் அச்சடித்த பெரிய உறை,
மடங்கிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.
"பெட்டியில என்னம்மா?"
"மீன்" என்றேன். "வித்துப்போச்சு."
"வாடை போகாது, என்ன கழுவினாலும்" என்றார்,
எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

எட்டிமடைப் பக்கம் மலை இருட்டிக்கொண்டு வந்தது.
நோட்டில் ஒன்பதை வரைந்து
ஐந்தாம் இடத்தில் ஒரு ஃபுளூரினை வைத்துப் பார்த்தேன்.
அழித்தேன். ஆறாம் இடத்தில் வைத்தேன்.
பேருந்து குலுங்கி அது ஏழுக்குப் போனது.

சைதாலியைக் கூப்பிட்டேன்.
"நாளைக்கும் ஐஸ் வேணும்."
"எத்தற?"
"இருக்கறத வைங்க."